கதவுக்குக் கீழே ஒரு கோடு வெளிச்சம்: ஒரே திகில் குறும்படத்தை இரண்டு முறை எடுத்த அனுபவம்

எங்கள் குறும்படத்தை முதன்முதலாகப் பதினோரு பேருக்குப் போட்டுக் காட்டினோம். அவர்கள் உறைந்துபோக வேண்டிய இடத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். கேலிச் சிரிப்பு இல்லை அது. திடீர்ச் சத்தத்தில் உடம்பு தூக்கிப்போட்டு, அடுத்த நொடியே ஒன்றுமில்லை என்று தெரிந்துபோன நிம்மதியில் வந்த சிரிப்பு. மற்றவர்கள் நல்ல மனதோடு, "லைட்டிங் நல்லா இருக்கு" என்றார்கள். திகில் படம் பார்த்து முடித்தவர் முதல் வார்த்தையாக லைட்டிங்கைச் சொன்னால், படம் அவரைத் தொடவே இல்லை என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

ஐந்து வாரம் கழித்து அதே வீட்டில், அதே நடிகையோடு, அதே கேமராவில், அதே கதையை மறுபடி எடுத்தோம். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. கதை மாறாமல், எடுத்த விதம் மட்டும் மாறியதால், பயம் எந்த இடத்தில் உள்ளே நுழைந்தது என்று ஓரளவு பிரித்துப் பார்க்க முடிந்தது.

கதை இதுதான். அம்மா இறந்த பிறகு, வீட்டைக் காலி செய்ய மகள் தனியாக வந்து ஓர் இரவு தங்குகிறாள். அம்மா தையல் வேலை செய்தவர். நீளமான நடைவழியின் ஒரு முனையில் மகள் படுத்திருக்கும் அறை, எதிர் முனையில் அம்மாவின் தையல் அறை. நள்ளிரவில், மூடிய அந்த அறைக்குள், காலால் மிதிக்கும் பழைய தையல் மெஷின் ஓடுகிறது. மகள் எழுந்து நடைவழியில் நடக்கிறாள். அவள் நின்றால் மெஷினும் நிற்கிறது. கதவைத் திறக்கிறாள். மெஷினுக்கு மேலே சின்ன பல்பு எரிகிறது, யாரும் இல்லை. கிட்டே போகிறாள். பல்பு அணைகிறது. அவளுக்குப் பின்னால் யாரோ நிற்கிறார்கள்.

முதல் பதிப்பில் அந்தக் கடைசி நொடியில் நாங்கள் என்னென்ன செய்தோம் என்று சொல்கிறேன். கேமரா சட்டென்று அவள் முகத்துக்குப் பாய்ந்தது. நீல வெளிச்சம் படபடவென்று வெட்டியது. வயலின் கிறீச்சிட்டது. மேக்கப் போட்ட ஒரு முகம் ஃபிரேமுக்குள் வந்தது. கேமரா, ஒளி, ஒலி மூன்றும் ஒரே நேரத்தில், ஒரே விஷயத்தை, உரக்கச் சொல்லின. பார்க்கிறவர் செய்வதற்கு ஒரு வேலையும் மிச்சம் வைக்கவில்லை. இரண்டாவது முறை எடுக்கும்போது எங்களுக்கு நாங்களே வைத்துக்கொண்ட விதி: மூன்றில் ஒன்று பேசும்போது மற்ற இரண்டும் சும்மா இருக்க வேண்டும். சொல்வதற்கு எளிதாக இருக்கிறது. படப்பிடிப்பில் கை பரபரக்கும், அதை அடக்குவதுதான் பெரிய பாடு.

கேமரா

முதல் பதிப்பில் நடைவழிக்கு மட்டும் இருபத்திரண்டு ஷாட். கையில் பிடித்த கேமரா, 16 மி.மீ. அகன்ற லென்ஸ், சாய்ந்த கோணங்கள், பின்னால் இருந்து, மேலே இருந்து, தரையில் இருந்து. எடிட் செய்யும்போது விறுவிறுப்பாகத் தெரிந்தது. ஆனால் படம் முடிந்த பிறகு ஒரு நண்பரிடம் அந்த வீட்டை வரைந்து காட்டச் சொன்னேன். தையல் அறை எந்தப் பக்கம் என்று அவருக்குத் தெரியவில்லை. கதவு எங்கே இருக்கிறது என்று தெரியாதவர் அந்தக் கதவைப் பார்த்து எப்படிப் பயப்படுவார்?

இரண்டாவது முறை நடைவழிக்கு மூன்றே கேமரா இடங்கள். அவற்றில் முக்கியமானது, மகளின் அறை வாசலில் டிரைபாட் போட்டு நடைவழி முழுவதையும் பார்த்த ஷாட். 35 மி.மீ. லென்ஸ். எங்கள் கேமராவின் சென்சார் (ஒளியைப் பதியும் சில்லு) ஏபிஎஸ்-சி என்ற சிறிய அளவு என்பதால் அது முழு ஃபிரேம் கேமராவின் 52 மி.மீ. அளவுக்குச் சமம், கோடுகளை வளைக்காது, இடத்தை இயல்பாகவே காட்டும். கேமரா அசையாது. இதே ஃபிரேம் படத்தில் மூன்று முறை வருகிறது. முதல் முறை மகள் பெட்டி தூக்கிக்கொண்டு பகலில் நடக்கிறாள். இரண்டாவது முறை இரவு, கதவு மூடியிருக்கிறது. மூன்றாவது முறை, கதவு ஒரு கை அகலம் திறந்திருக்கிறது. கதவு திறந்ததை நாங்கள் காட்டவே இல்லை. முதல் இரண்டு ஷாட்டும் பார்க்கிறவரின் நினைவில் பதிந்திருப்பதால் மூன்றாவது ஷாட்டில் அவரே கண்டுபிடிக்கிறார். கண்டுபிடிக்க நேரம் வேண்டும் என்பதற்காக அந்த ஷாட்டை ஒன்பது நொடி விட்டோம். எடிட் டேபிளில் அந்த ஒன்பது நொடி தாங்க முடியாத நீளமாகத் தோன்றியது. இரண்டு முறை குறைத்து, இரண்டு முறையும் திரும்பச் சேர்த்தேன்.

அந்த ஃபிரேமின் இடப்பக்கம் சமையலறை வாசல். கதவு இல்லாத, கறுப்பான ஒரு செவ்வகம். அதை ஃபிரேமில் மூன்றில் ஒரு பங்கு இடத்துக்கு வைத்தோம். படம் முழுக்க அதிலிருந்து எதுவும் வெளியே வராது. ஆனால் ஒருவர் வெற்றிடத்துக்குப் பக்கத்தில் நடந்துபோனால் பார்க்கிறவரின் கண் அந்த வெற்றிடத்தையே காவல் காக்கிறது. திரையிடலுக்குப் பிறகு மூன்று பேர் அந்த வாசலில் எதையோ பார்த்ததாகச் சொன்னார்கள். ஒருவர் எந்த நொடியில் என்றுகூடச் சொன்னார். அங்கே ஒன்றுமே இல்லை.

இன்னொரு மாற்றம், லென்ஸின் திறப்பு. எஃப் எண் சிறிதானால் திறப்பு பெரிது. முதலில் எஃப் 2.8-இல் எடுத்தோம், பின்னணி அழகாக மங்கியது. அழகுதான் பிரச்சினை. பின்னணி மங்கினால் 'இங்கே பார்க்கத் தேவையில்லை' என்று படமே சொல்லிவிடுகிறது. எஃப் 5.6-க்குப் போனபோது நடைவழியின் கடைசி வரை தெளிவாகத் தெரிந்தது, கண் தேட ஆரம்பித்தது. இதற்கு விலை உண்டு. எஃப் 2.8-இலிருந்து 5.6 இரண்டு ஸ்டாப், அதாவது நான்கு மடங்கு வெளிச்சம் வேண்டும். இருட்டுக் காட்சிக்குப் போய் அதிக வெளிச்சமா என்று குழுவில் சண்டையே வந்தது.

கேமரா நகர்வது படத்தில் ஒரே ஒரு இடத்தில்தான். மூடியிருக்கும் கதவின் முன் அவள் நிற்கும்போது, கேமரா 60 செ.மீ. ஸ்லைடரில் (கேமராவை நகர்த்தும் தண்டவாளம்) நாற்பது நொடி மெதுவாக முன்னே போகிறது. அவ்வளவு மெதுவாகப் போனால் நகர்கிறது என்றே தெரியாது, ஆனால் இடம் சுருங்குவது உடம்புக்குத் தெரிகிறது.

ஒளி

முதல் பதிப்பின் இருட்டு, சோம்பேறி இருட்டு. எல்இடி பேனலில் நீலத் தாள் ஒட்டி நடைவழி முழுக்கச் சீராகப் பரப்பி, எக்ஸ்போஷரைக் குறைத்தோம். கேமராவின் ஒளியுணர்வைக் காட்டும் ஐஎஸ்ஓ எண் 6400. கிடைத்தது கறுப்பு இல்லை. புள்ளி புள்ளியாகக் கொதிக்கும் சாம்பல் நிறம். எல்லாமே கொஞ்சம் தெரிந்தது, எதுவும் மறையவில்லை.

ஃபிரேமுக்குள் நல்ல வெளிச்சமான பொருள் ஒன்று இருந்தால்தான் மற்ற இடம் இருட்டாகத் தெரியும். அதனால் படத்துக்குள்ளேயே தெரியும் விளக்குகளை வைத்து ஒளியமைத்தோம். மகளின் அறையில் ஒரு மேசை விளக்கு, 2700 கெல்வின் (ஒளியின் நிறத்துக்கான அளவு; எண் குறைந்தால் ஆரஞ்சு, கூடினால் நீலம்). தையல் அறையில் மெஷினின் பல்பு. ஜன்னல் வழியே மிகக் குறைவாக 5600 கெல்வின். கேமராவில் வெள்ளைச் சமநிலை, அதாவது எந்த ஒளியை வெள்ளையாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற அமைப்பு, 3200. விளக்கு லேசான ஆரஞ்சாகவும் ஜன்னல் லேசான நீலமாகவும் வந்தது, அதற்கு மேல் நிறம் சேர்க்கவில்லை.

சுவரை இருட்டாக்க விளக்கின் சக்தியைக் குறைக்கக்கூடாது, விளக்கை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோக வேண்டும். வெளிச்சம் தூரத்தின் இருமடியில் குறைகிறது. விளக்கு முகத்திலிருந்து 1 மீட்டர், சுவரிலிருந்து 4 மீட்டர் என்றால், சுவருக்கு முகத்தில் விழுவதில் பதினாறில் ஒரு பங்குதான் கிடைக்கும். அதே விளக்கை முகத்துக்கு 3 மீட்டர், சுவருக்கு 6 மீட்டர் என்று தள்ளி வைத்தால் நான்கில் ஒரு பங்கு கிடைத்து, சுவரின் ஒவ்வொரு கறையும் தெரியும். முதல் பதிப்பில் நாங்கள் செய்தது இரண்டாவது வகை.

ஃபிரேமின் ஓரங்களை இருட்டாக்குவது பற்றி ஒரு பழைய பாடம் உதவியது. 1961-இல் வந்த 'தி இன்னோசென்ட்ஸ்' படத்தை அகலத்திரையில் எடுக்க வேண்டியிருந்தபோது, ஒளிப்பதிவாளர் ஃப்ரெடி பிரான்சிஸ் ஃபில்டர்களின் ஓரங்களில் நிறம் பூசி, ஃபிரேமின் பக்கங்களை இருளில் விட்டார். எங்களிடம் அப்படிப்பட்ட ஃபில்டர் இல்லை. விளக்கின் முன்னே கறுப்புத் துணியைத் தொங்கவிட்டு, நடைவழிச் சுவர்களில் விழும் ஒளியை மேலும் கீழும் வெட்டினோம். நடுவில் அவள் நடக்கும் பாதை மட்டும் மிஞ்சியது.

மிகவும் பாடுபட்டது கதவுக்குக் கீழே வரும் ஒளிக்கோட்டுக்கு. உள்ளே யாரோ நடந்தால் அந்தக் கோட்டில் இரண்டு பாதங்களின் நிழல் வெட்ட வேண்டும். முதலில் கதவின் அகலத்துக்கு எல்இடி பட்டையைத் தரையில் ஒட்டினோம். கோடு அருமையாக வந்தது, பாத நிழல் வரவே இல்லை. ஒளி வரும் இடம் அகலமாக இருந்தால் நிழலின் விளிம்பு கரைந்துவிடும். பட்டையை எடுத்துவிட்டு, அறையின் பின் சுவரோரம் தரை மட்டத்தில் ஒரே ஒரு சின்ன பல்பை வைத்தோம். ஒளி சிறியது, தூரமானது. நிழல் கத்தியால் வெட்டியதுபோல் வந்தது. இந்த இடத்தில் ஒளி மட்டும்தான் பேசுகிறது: கேமரா அசையவில்லை, மெஷின் சத்தமும் இல்லை.

இதைச் செய்யும்போது மலிவான எல்இடி பல்பு ஒன்றில் டிம்மர் போட்டு, ஃபிரேமில் பட்டை பட்டையாகக் கோடு ஓடியது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் விளக்கு நொடிக்கு 100 முறை ஏறி இறங்கும். நொடிக்கு 25 ஃபிரேம் (படம்), ஒவ்வொன்றுக்கும் ஷட்டர் 1/50 நொடி திறந்திருந்தால் பொதுவாகச் சிக்கல் இல்லை. 60 ஹெர்ட்ஸ் என்றால் 1/60. சில எல்இடிகள் டிம்மரில் தம் விருப்பத்துக்குத் துடிக்கும். எடுப்பதற்கு முன் பத்து நொடி பதிவுசெய்து பெரிய திரையில் பார்த்துவிடுங்கள்.

ஒலி

என்னைக் கேட்டால் இந்தப் படத்தின் பயத்தில் பாதிக்கு மேல் ஒலியில் இருக்கிறது, அதில் பெரும்பகுதி ஒலியை எடுத்ததில் இருக்கிறது.

முதல் பதிப்பில் தொடக்கம் முதல் முடிவு வரை ஆழமான ரீங்காரம் ஒன்று ஓடியது. இசை பயமுறுத்தத் தொடங்கிவிட்டால் பார்க்கிறவருக்கு 'இப்போது பயப்படலாம்' என்று அனுமதி கிடைத்துவிடுகிறது. எது ஆபத்தான நொடி, எது இல்லை என்று இசையே பிரித்துச் சொல்லிவிடுகிறது. இரண்டாவது பதிப்பில் இசை முழுவதையும் நீக்கினோம். மிஞ்சியவை: அறையின் வெறும் சத்தம், குளிர்சாதனப் பெட்டியின் முனகல், காலடி, மூச்சு, மெஷின்.

மெஷின் சத்தத்தை முதலில் பக்கத்தில் மைக் வைத்துப் பதிந்து, எடிட்டில் உயர் அலைகளை (கூர்மையான ஒலிகளை) வெட்டி 'கதவுக்குப் பின்னால்' ஆக்கினோம். போலியாகவே இருந்தது. பிறகு மெஷினை உண்மையாகவே அந்த அறையில் ஓட்டி, கதவை மூடி, நடைவழியில் மூன்று இடங்களில் மைக் வைத்துப் பதிந்தோம். கதவு உயர் அலைகளைத் தின்கிறது என்பது மட்டும் இல்லை. தரை வழியாக ஓர் அதிர்வு வருகிறது, கதவின் தாழ்ப்பாள் லேசாகக் கூடவே நடுங்குகிறது. அந்தத் தாழ்ப்பாள் நடுக்கத்தை நான் கணினியில் உட்கார்ந்து யோசித்திருக்கவே மாட்டேன். படத்தில் எனக்கு மிகவும் பிடித்த சத்தம் அதுதான்.

அப்புறம், அந்த நிற்பது. அவள் நின்றால் மெஷினும் நிற்க வேண்டும். முதல் எடிட்டில் அவள் கால் தரையில் ஊன்றிய அதே ஃபிரேமில் மெஷினை நிறுத்தினேன். கேட்கும்போது ஒலிப்பதிவு அறுந்துபோனது போலிருந்தது. ஐந்து ஃபிரேம் தள்ளினேன். இன்னும் தற்செயல் போலவே இருந்தது. பத்து ஃபிரேம், அதாவது 0.4 நொடி தள்ளியதும் எல்லாம் மாறிவிட்டது. அவள் நிற்கிறாள், மெஷின் இன்னும் இரண்டு தையல் தைக்கிறது, பிறகு நிற்கிறது. உள்ளே இருப்பது அவளைக் கேட்டுக்கொண்டிருக்கிறது, காலடி நின்றதைக் கவனிக்க அதற்கு ஒரு கணம் ஆகிறது. அந்தக் கணம்தான் அதற்கு மனதைக் கொடுக்கிறது. பதினைந்து ஃபிரேம் தள்ளிப் பார்த்தபோது பலம் போய்விட்டது. ஐந்து ஃபிரேம் வித்தியாசத்தில் ஒரு பேய் பிறக்கிறது, இன்னொரு ஐந்து ஃபிரேமில் காணாமல் போகிறது. ஒரு முழு இரவு இதிலேயே போனது, அதற்காக வருந்தவில்லை.

மெஷின் நின்ற பிறகு வரும் அமைதியிலும் ஒரு வேலை இருக்கிறது. அறையின் வெறும் சத்தத்தை நான்கு நொடியில் 6 டெசிபெல் இறக்கினோம். யாரும் அதைக் கவனிக்கவில்லை. ஆனால் திரையிடலில் அந்த இடத்தில் நாற்காலிகளில் அசைவு நின்றது. முழு நிசப்தமாக்கக்கூடாது, ஒலியே இல்லையென்றால் ஸ்பீக்கர் கெட்டுவிட்டதோ என்று கவனம் வெளியே போய்விடும்.

திடீர்ச் சத்தம் பற்றியும் சொல்ல வேண்டும். பலத்த சத்தத்துக்குக் கண் இமைப்பது சுமார் இருபதில் ஒரு நொடிக்குள் நடந்துவிடும் அனிச்சைச் செயல். யாரையும் அப்படித் துள்ளவைக்கலாம். அது திறமை என்று நான் நினைக்கவில்லை. ஆனால் நன்றாகச் செய்தவர்கள் இருக்கிறார்கள். வால் லூட்டன் தயாரித்து 1942-இல் வந்த 'கேட் பீப்பிள்' படத்தில், இரவில் தனியே நடக்கும் பெண்ணைப் பின்தொடரும் காலடி நின்றுபோகிறது, அமைதி நீள்கிறது, உறுமலைப் போலவே ஒலிக்கும் பிரேக் சத்தத்தோடு ஒரு பேருந்து ஃபிரேமுக்குள் பாய்கிறது. அங்கே துள்ளலுக்கு முன்னால் வரும் அந்த அமைதிக்குத்தான் வலு. எங்கள் முதல் பதிப்பில் அந்த அமைதி இல்லை, வெறும் பேருந்து மட்டும் இருந்தது.

கரகரப்பான ஒலி ஏன் நம்மை உலுக்குகிறது என்பதற்கு ஆய்வுகள் இருக்கின்றன. உயிரியலாளர் டேனியல் ப்ளம்ஸ்டீனின் குழு 2010-இல் 102 படங்களின் ஒலித்தடங்களை ஆராய்ந்து, விலங்குகள் அலறும்போது குரல் உடைவதைப் போன்ற ஒலிகள் படங்களில் உணர்ச்சியைக் கூட்டப் பயன்படுவதைக் காட்டியது. நரம்பியல் ஆய்வாளர் லூக் ஆர்னலின் குழு 2015-இல், மனித அலறலின் தனித்தன்மை அதன் ஒலி அளவு நொடிக்கு 30 முதல் 150 முறை ஏறி இறங்குவதில் இருக்கிறது என்றது. இதைப் படித்த பிறகு, மெஷின் ஊசி உலோகத்தில் உரசும் சத்தத்தைக் கவனித்தேன். வேகமாக மிதித்தால் அந்த உரசலே கரகரக்கும். கதவை அவள் தொடும் நொடியில் மிக மெல்லிய அளவில் அதைச் சேர்த்தோம்.

அடித்தள ஒலியை நம்பி ஏமாறுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. குறும்படத்தைப் பலர் போனில்தான் பார்ப்பார்கள். போன் ஸ்பீக்கரில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெரும்பாலும் எதுவும் மிஞ்சாது. எங்கள் பழைய ரீங்காரம் 45 ஹெர்ட்ஸ், அதாவது போனில் வெறும் காற்று. ஆழமான ஒலி தேவைப்பட்டால் அதை லேசாகச் சிதைத்து அதன் மடங்குகளை எழுப்புங்கள். 90, 135, 180, 225, 270 என்று மேலே உள்ளவற்றில் சில கேட்டாலே, இல்லாத அடியொலியைக் காது தானாகக் கற்பித்துக்கொள்ளும். தரை அதிர்வை நாங்கள் அப்படித்தான் போனுக்குள் கொண்டுவந்தோம்.

கடைசி ஷாட்

பல்பு அணைகிறது. கேமரா பக்கவாட்டில், அசையாமல். ஃபிரேமின் வலப்பக்கம் அவள் முகம், இடப்பக்கம் மெஷினுக்குப் பின்னால் உள்ள சுவர் சாய்வாகத் தெரிகிறது. அவளுக்குப் பின்னால், நடைவழி தாண்டி, அவள் அறையின் விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது. மெஷின் பல்பு இருந்தவரை அந்த ஒளி சுவரில் தெரியவில்லை. அணைந்ததும் அவளுடைய நிழல் சுவரில் மெல்ல எழுகிறது. நான்கு நொடி. பிறகு அதற்குப் பக்கத்தில் இன்னொரு நிழல். அவள் திரும்பிப் பார்ப்பதில்லை. புதிதாக ஒலி இல்லை, இசை இல்லை, கேமரா நகரவில்லை. ஒளி மட்டுமே சொல்கிறது.

இதை முதலில் எடுத்தபோது இரண்டாவது நிழல் பூதம்போல் பெரிதாக விழுந்தது. விளக்கைச் சுவரிலிருந்து 3 மீட்டரில் வைத்திருந்தோம். அவள் சுவருக்கு 1 மீட்டர் முன்னே, நிழலாக நிற்பவர் 1.5 மீட்டர் முன்னே. கணக்குப் போட்டால் அவள் நிழல் 1.5 மடங்கு, மற்றது 2 மடங்கு. பூதத்தைப் பார்த்தால் பயம் எங்கோ வேறு படத்துக்குப் போய்விடுகிறது. அம்மா உயரத்தில், தலையைச் சற்றே சாய்த்து நிற்கும் ஒரு பெண்ணின் நிழல் வேண்டும் எங்களுக்கு. விளக்கை 6 மீட்டருக்குத் தள்ளினோம். இப்போது 1.2 மடங்கும் 1.33 மடங்கும், ஏறக்குறைய ஒரே அளவு. தூரம் இருமடங்கானதால் சுவரில் வெளிச்சம் நான்கில் ஒன்றாகக் குறைந்தது. அதனால் இந்த ஒரு ஷாட்டுக்கு மட்டும் லென்ஸைத் திரும்ப எஃப் 2.8-க்குத் திறந்தோம்.

படம் இப்போது ஐந்து நிமிடம் ஐம்பது நொடி. முதல் பதிப்பைவிட இரண்டு நிமிடம் குறைவு, ஆனால் பார்த்தவர்கள் எல்லாரும் அதை நீளமான படம் என்றே நினைத்தார்கள். ஒருவர், "அந்த மெஷின் அவங்க நின்னதைக் கேட்டுட்டு நின்ன மாதிரி இருந்துச்சு" என்றார். பத்து ஃபிரேம் பற்றி அவரிடம் நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

இன்னும் சரியாகாதது ஒன்று உண்டு. கதவுக்குக் கீழே பாத நிழல் வெட்டும் ஷாட், வெளிச்சமான அறையில் போனில் பார்த்தால் தெரிவதே இல்லை. நாங்கள் பதிந்தது 8 பிட். கறுப்பிலிருந்து முழு வெளிச்சம் வரை உள்ள மொத்தம் 256 படிகளில் இருட்டுக்குக் கிடைத்தவை கொஞ்சம்தான், இணையத்தில் ஏற்றும்போது சுருக்கத்தில் அவையும் ஒட்டிக்கொண்டன. படத்தின் மேல் மெல்லிய துகள்களைச் சேர்த்துப் பார்த்ததில், படிகள் குறைந்ததால் சுவரில் தெரிந்த பட்டைகள் மறைந்தன, நிழல் திரும்பி வரவில்லை. அந்த ஒரு ஷாட்டை மட்டும் 10 பிட்டில், பல்பை இன்னும் ஒரு ஸ்டாப் கூட்டி, மறுபடி எடுக்கப் போகிறோம். கதவும் தாழ்ப்பாளும் அப்படியே இருக்கின்றன.